மதம் மாறிய பின்னும் அதே மக்கள்தானா? புன்னைக்காயலும் முத்துக்குளித்துறையும் எழுப்பும் கேள்வி

ஒரு மக்கள் கூட்டம் தன் வழிபாட்டை மாற்றிக்கொள்கிறது. பிள்ளைகளுக்கு வேற்று நாட்டுப் பெயர் வைக்கிறது. கொண்டாடும் நாட்களும் இறந்தவரை அடக்கும் முறையும் மாறிவிடுகின்றன. இத்தனைக்கும் பிறகு அது பழைய மக்கள் கூட்டம்தானா, அல்லது அதன் இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துவிட்டதா? சமயத் தத்துவத்தில் நெடுநாளாக விவாதிக்கப்படும் இந்தக் கேள்விக்கு நூல்களுக்குள் மட்டும் விடை தேட முடியாது. அதை வாழ்ந்து பார்த்த ஊர்கள் உண்டு. மன்னார் வளைகுடாக் கரையில் வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு என்று வரிசையாக அமைந்த ஏழு கடற்றுறைகள் அத்தகையவை. இந்தக் கரை முழுவதையும் சேர்த்து முத்துக்குளித்துறை என்பார்கள்.

புன்னைக்காயல் தாமிரபரணியின் முகத்துவாரத்தில் இருக்கிறது. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடல் பின்வாங்கப் பின்வாங்க, இந்தப் பகுதியில் துறைமுகமே இடம் மாறிக்கொண்டு வந்திருக்கிறது. சங்க காலத்தில் பாண்டியரின் முத்துத் துறையாக இருந்த கொற்கை இன்று கடலை விட்டு வெகுவாக உள்ளே தள்ளி, வயல்களுக்கு நடுவே கிடக்கிறது. கொற்கை தூர்ந்தபின் பழைய காயல் எழுந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு எழுதிய காயல் அதுதான் என்று கால்டுவெல் கருதினார். அதுவும் தூர்ந்தது, புன்னைக்காயல் தலையெடுத்தது, பின்னர் தூத்துக்குடி முந்திக்கொண்டது. துறை இடம் மாறிய ஒவ்வொரு முறையும் கடலில் இறங்கியவர்கள் பரவர்களே. நெய்தல் நிலத்துப் பரதவர் என்று சங்கப் பாடல்கள் குறிக்கும் மக்களின் வழியில் வந்தவர்களாக அவர்கள் தங்களைக் கருதுகிறார்கள்.

16ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் முத்துச் சலாபத்தின், அதாவது முத்துக்குளிப்பின், மீது யாருக்கு அதிகாரம் என்பதில் பரவர்களுக்கும் கடல் வணிகத்தில் ஓங்கியிருந்த முஸ்லிம்களுக்கும் இடையே கடும் பகை மூண்டது. அந்த நெருக்கடியில் ஜோவான் த குரூஸ் என்பவர் ஒரு வழி சொன்னார். கள்ளிக்கோட்டை அரசரால் போர்ச்சுகலுக்கு அனுப்பப்பட்டு, அங்கே கிறிஸ்தவரான வணிகர் அவர். போர்ச்சுகீசியரின் பாதுகாப்பைக் கேளுங்கள், அவர்களுடைய மதத்தில் சேருங்கள் என்பது அவரது ஆலோசனை. பரவர்களின் ஊர்த்தலைவர்களான பட்டங்கட்டிகள் கொச்சிக்குப் போய்ப் பேசி முடித்தார்கள். 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் கரையோர ஊர்கள் ஊர் ஊராகத் திருமுழுக்குப் பெற்றன. ஏறத்தாழ 20,000 பேர் என்று பழைய கணக்குகள் சொல்கின்றன. அடுத்த ஆண்டே, 1538இல், வேதாளையில் நடந்த போரில் போர்ச்சுகீசியப் படை வென்றது. கடலில் பரவர்களின் நிலை உறுதிப்பட்டது.

இந்த மதமாற்றம் மனமாற்றமா, அரசியல் ஒப்பந்தமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒப்பந்தம் என்பதை மறைக்க வேண்டிய தேவையில்லை. 1542இல் இங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் அம்மக்களுக்கு அந்தச் சமயத்தைப் பற்றி எதுவும் தெரியவில்லை என்று தம் கடிதங்களில் எழுதினார். சொல்லிக் கொடுக்க யாரும் இல்லாமல் ஐந்தாறு ஆண்டுகள் கழிந்திருந்தன. ஆயினும் ஒரு நம்பிக்கை எதற்காகத் தொடங்கியது என்பது வேறு, எதனால் நிலைத்தது என்பது வேறு. பாதுகாப்புக் கொடுத்த போர்ச்சுகீசியர் 1658இல் இந்தக் கரையைவிட்டே அகற்றப்பட்டனர். ஒப்பந்தம் மட்டுமே காரணமாக இருந்திருந்தால் நம்பிக்கையும் அவர்களோடு கப்பலேறியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை.

மாற்றத்தின் ஊடே ஒரு பொருள் அதே பொருளாக நீடிப்பது எப்படி என்பதற்குத் தத்துவ மரபுகள் வேறு வேறு விடை தந்திருக்கின்றன. இல்லாதது தோன்றாது, உள்ளதே உருமாறுகிறது என்பது சைவ சித்தாந்தம் ஏற்கும் சற்காரியவாதம். குடம் உடைந்தாலும் மண் மண்ணே. மிலிந்த மன்னனுக்கு விடை கூறிய பௌத்தத் துறவி நாகசேனர் அப்படி ஒரு நிலைத்த மூலப்பொருள் வேண்டியதில்லை என்றார். முதல் சாமத்தில் எரிந்த சுடரும் கடைச் சாமத்தில் எரியும் சுடரும் ஒன்றல்ல. ஆனால் வேறு வேறும் அல்ல. ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடர்கின்றன. கிரேக்க மரபில் புளூட்டார்க் சொல்லும் தீசியசின் கப்பல், பலகை ஒவ்வொன்றாக மாற்றப்பட்டு, கடைசியில் பழைய பலகை ஒன்றுகூட இல்லாமல் நின்று, அது அதே கப்பலா என்ற வழக்கைக் கிளப்பியது.

இம்மூன்றும் ஆழமான சிந்தனைகள். ஆனால் மக்கள் சமூகத்துக்கு அவற்றை அப்படியே பொருத்தினால் முக்கியமான ஒன்று விட்டுப்போகிறது. குடமோ சுடரோ கப்பலோ தனக்கு என்ன நேர வேண்டும் என்று தானே முடிவு செய்வதில்லை. ஒரு சமூகம் கூடிப் பேசும்; ஏற்கும்; மறுக்கும்; ஏற்றதைத் தன் கைக்கு ஏற்றபடி வளைத்துக்கொள்ளும். ஆகவே எவ்வளவு மாறியது என்று அளப்பதால் அதன் அடையாளம் பிடிபடாது. மாற்றத்தை முடிவு செய்தது யார், அது எந்த மொழியில் உள்வாங்கப்பட்டது என்பதே அளவுகோல். முத்துக்குளித்துறையின் ஐந்நூறு ஆண்டு வரலாறு இந்த அளவுகோலுக்கு வலுவான சான்று.

முதலில் மொழி. சவேரியார் செய்த முதல் காரியங்களில் ஒன்று, தமிழும் போர்ச்சுகீசியமும் தெரிந்தவர்களைக் கூட்டிவைத்து விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை, கர்த்தர் கற்பித்த செபம் ஆகியவற்றைத் தமிழில் ஆக்கிக்கொண்டது. கையில் மணியோடு தெருவில் நடந்து பிள்ளைகளைக் கூட்டி அவற்றை மனப்பாடம் செய்ய வைத்தார். பிள்ளைகள் வீட்டில் பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஊர்தோறும் ஒருவரைச் செபம் சொல்லித்தரவும் திருமுழுக்குக் கொடுக்கவும் நியமித்தார். கணக்கப்பிள்ளை என்றும் உபதேசியார் என்றும் பின்னாளில் அறியப்பட்ட இந்த உள்ளூர் ஆட்களே, குருமார் வர முடியாத காலங்களில் சமயத்தைத் தாங்கிப் பிடித்தவர்கள்.

சவேரியாருக்குப் பின் வந்த அன்றீக்கே அன்றீக்கஸ் அடிகளார் இதை இன்னும் ஆழமாகக் கொண்டுபோனார். 1520இல் போர்ச்சுகலின் வீலா விசோசாவில் பிறந்த அவர், தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தக் கரையில் கழித்தார். துபாசியின் உதவியின்றித் தமிழில் பேசவும் எழுதவும் முடியும் அளவுக்கு மொழியைக் கற்று, ஐரோப்பியர் தமிழ் படிப்பதற்கு ஓர் இலக்கண நூலையும் எழுதினார். புன்னைக்காயலில் அவர் தொடங்கிய மருத்துவமனைக்கு ஊராரே பணம் கொடுத்தார்கள். அந்நாளில் இவ்வூர் இயேசு சபையாரின் தலைமையிடமாக இருந்தது. புதிதாக வந்த குருமார் தமிழ் கற்ற இடமும் இதுதான். வடுகப் படைகளின் தாக்குதலால் ஊர் சூறையாடப்பட்டதும், 1560இல் மக்களில் ஒரு பகுதியினர் மன்னாருக்குக் குடிபெயர்ந்ததும் அதே காலத்து நிகழ்ச்சிகள். இத்தனை அலைக்கழிவுக்கு நடுவில் எழுதப்பட்ட நூல்கள்தாம் தமிழ் அச்சு வரலாற்றின் முதல் பக்கங்கள்.

1554இலேயே லிஸ்பனில் தமிழ்ச் செபங்கள் அச்சாகியிருந்தன. ஆனால் அவை ரோமன் எழுத்தில் இருந்தன. தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல்களில் இன்று கிடைக்கும் மிகப் பழையது ‘தம்பிரான் வணக்கம்’. 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சான இந்தச் சிறு நூலுக்குப் 16 பக்கம். அடுத்த ஆண்டு கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ வந்தது. 1586இல் அறுநூறு பக்கங்களுக்கும் மேற்பட்ட பெரும் புத்தகமாகப் ‘பிளோஸ் சாங்தோரும்’ என்னும் அடியார் வரலாறு வெளிவந்தது. அது அச்சான இடம் புன்னைக்காயல் என்று ஒரு சாராரும் வேறு இடம் என்று மறு சாராரும் வாதிடுகிறார்கள். எங்கே அச்சாகியிருந்தாலும் அது யாருக்காக எழுதப்பட்டது, யார் பணம் கொடுத்தார்கள் என்பதில் சந்தேகமில்லை. அச்சுக்கூடத்துக்கான செலவில் பரவர்கள் பங்கேற்றார்கள். கடலில் மூச்சடக்கி எடுத்த சிப்பியின் வருமானம் தமிழ் எழுத்தாக வார்க்கப்பட்டது. ஐரோப்பாவிலேயே வாசிப்பு பரவலாகாத நூற்றாண்டில், ஒரு மீனவ சமூகம் தன் புதிய சமயத்தைத் தன் பழைய மொழியில் வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறது. தமிழ்ப் பண்பாட்டு வரலாற்றில் இதற்குரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

அன்றீக்கஸ் அடிகளார் 1600இல் புன்னைக்காயலில் இறந்தார். உடல் தூத்துக்குடிக்கு எடுத்துச் செல்லப்பட்டது. அவர் இறந்த செய்தி கேட்டுச் சுற்றுவட்டாரத்தில் முஸ்லிம்களும் இந்துக்களும் நோன்பிருந்தார்கள், கடைகளை அடைத்தார்கள் என்று இயேசு சபைக் குறிப்புகள் கூறுகின்றன. அரை நூற்றாண்டுக்கு முன் பெரும்பகை நிலவிய கரையில் இப்படி நடந்தது கவனிக்கத்தக்கது.

கடற்கரையில் நடந்த இந்தச் சமய முயற்சியை விமரிசித்த குரலும் அக்காலத்திலேயே எழுந்தது. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, கிறிஸ்தவம் ‘பறங்கி மார்க்கம்’ என்று உள்நாட்டார் ஒதுக்குவதைக் கண்டார். போர்ச்சுகீசியப் பெயரும் பழக்கமும் இல்லாமல் கிறிஸ்தவராக இருக்க முடியும் என்று காட்டுவதற்காகக் காவி உடுத்தி, சைவ உணவு உண்டு, சமஸ்கிருதமும் தமிழும் கற்றுத் தனி வழியில் இறங்கினார். சமயமும் பண்பாடும் பிரிக்கக்கூடியவை என்பது அவரது நிலை. தத்துவ அளவில் அது கூர்மையானது. எனினும் கடற்கரையைப் பற்றிய அந்தக் கணிப்பு மேலோட்டமானது. பெர்னாண்டோ, மோத்தா, கொரைரா, வாஸ், கோமஸ், ரோட்ரிகோ என்று பெயர் ஏற்றவர்கள் மொழியில், தொழிலில், ஊர் அமைப்பில், உறவுமுறையில், தாலி கட்டும் வழக்கத்தில் கரைக்காரர்களாகவே இருந்தார்கள். பெயர் மாறியதைப் பார்த்து ஆள் மாறிவிட்டான் என்று முடிவு கட்டுவது எளிது. முத்துக்குளித்துறையில் அந்த முடிவு தவறு.

உண்மையான சோதனை 1658இல் வந்தது. தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கத்தோலிக்கக் குருமாரை விரட்டியது. கோவில்களைச் சீர்திருத்த சபையின் வழிபாட்டுக்கு எடுத்துக்கொண்டது. டச்சுப் போதகர் பிலிப்பஸ் பால்டேயஸ் இங்கு வந்து போதித்தார். பரவர்கள் அசையவில்லை என்பதை 1672இல் வெளியான தம் நூலில் அவரே பதிந்திருக்கிறார். குருமார் உள்நாட்டில் தங்கிக்கொண்டார்கள். மக்கள் அங்கே தேடிப்போய்த் திருப்பலி கண்டார்கள். இங்கே ஒரு முரண் எழுகிறது. ஒன்றேகால் நூற்றாண்டுக்கு முன் ஒரு வல்லரசின் சமயத்தை ஏற்ற அதே மக்கள், இப்போது இன்னொரு வல்லரசின் சமயத்தை ஏற்க மறுத்தார்கள். பாதுகாப்பு மட்டுமே நோக்கமென்றால் கம்பெனி பக்கம் சாய்வதுதான் லாபம். முதல் மாற்றத்தைப் பட்டங்கட்டிகள் கூடி முடிவு செய்தார்கள். இரண்டாவது மேலிருந்து திணிக்கப்பட்டது. இந்த வேறுபாடுதான் இரண்டு விடைகளையும் விளக்குகிறது.

கம்பெனிக்கு முத்துக் குளிக்க ஆள் வேண்டியிருந்தது. அதனால் நாளடைவில் பிடி தளர்ந்தது. தூத்துக்குடி பனிமய மாதா கோவில் 1713 ஆகஸ்ட் 5ஆம் நாள் அர்ச்சிக்கப்பட்டபோது அங்கே டச்சுக்காரர்களின் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. கால்வினியக் கொடியின் கீழ் மாதாவுக்குக் கோவில் எழுந்தது. கடலில் இறங்கும் கைகளை இழக்கக் கம்பெனி தயாராக இல்லை.

இதே காலத்தில் உலகின் இன்னொரு மூலையில் இதைவிடக் கொடிய சோதனை நடந்தது. முத்துக்குளித்துறையை விட்டுச் சென்ற சவேரியார் 1549இல் ஜப்பானில் கரையிறங்கினார். அங்கே 1614இல் கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டது. நாகசாகிப் பகுதி மக்கள் ஏறத்தாழ 250 ஆண்டுகள் குருமார் இன்றி, மனப்பாடச் செபங்களையும் ஊர்ப்பெரியவர் கொடுத்த திருமுழுக்கையும் வைத்துக்கொண்டு மறைவாக வாழ்ந்தார்கள். 1865இல் ஓவுரா கோவிலில் அவர்கள் வெளிப்பட்டபோது உலகம் வியந்தது. தடை நீங்கியபின் அவர்களில் பலர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தனர். சிலர் சேர மறுத்தனர். தங்கள் முன்னோர் மறைவில் வளர்த்த முறையே தங்கள் சமயம் என்றார்கள். எது உண்மையான தொடர்ச்சி? மூலத்துக்குத் திரும்பியதா, மூலத்திலிருந்து விலகி வளர்ந்ததைக் காத்ததா? இரு தரப்பாரும் தாமே முடிவு செய்தார்கள் என்பதால் இரண்டையும் தொடர்ச்சி என்றே ஏற்க வேண்டும்.

முத்துக்குளித்துறைக்கு அந்த அளவு தனிமை நேரவில்லை. டச்சு ஆட்சியில் இருந்த இலங்கைக்கு 1687இல் இரகசியமாகப் போன ஜோசப் வாஸ் அடிகளார் தூத்துக்குடி வழியாகத்தான் கடல் கடந்தார். அவர் வழியில் இலங்கையில் பணிபுரிந்த கோவா குரு ஜாக்கோமே கொன்சால்வெஸ் தமிழில் எழுதிய வியாகுலப் பிரசங்கம் பாக் நீரிணையின் இரு கரையிலும் பெரிய வியாழன், பெரிய வெள்ளி நாட்களில் ஒப்பாரியின் இழுவையோடு வாசிக்கப்பட்டது. இழவு வீட்டில் தமிழ்ப் பெண்கள் அழும் மெட்டில் சிலுவைப்பாடு சொல்லப்பட்டபோது, அந்தக் கதை எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கே இடமில்லாமல் போனது.

தேரும் அப்படித்தான் வந்தது. ‘தேர்மாறன்’ என்று நினைக்கப்படும் ஜாதித் தலைவரின் முயற்சியால் 1806இல் பனிமய மாதாவுக்குப் பொன் தேர் ஓடியது. பல அடுக்காக உயர்ந்து, பொன் தகடு வேய்ந்து, மக்கள் வடம் பிடித்து இழுக்கும் இந்தத் தேர் ஆண்டுதோறும் ஓடுவதில்லை. 2013இல் கோவிலின் 300ஆம் ஆண்டு நிறைவு போன்ற சிறப்பு நாட்களில் மட்டுமே ஓடும். கொடியேற்றம், சப்பரம், நேர்ச்சை, பத்து நாள் திருவிழா என்ற வரிசையும் தமிழ்க் கோவில்களின் வரிசையே. சிறு ஊர்களிலும் இதே ஒழுங்கு. இதைக் கலப்படம் என்று குறை கூறும் சீர்திருத்தவாதிகள் எல்லாச் சமயத்திலும் உண்டு. வணங்கப்படுவது யார் என்பதை நம்பிக்கை தீர்மானிக்கிறது. எப்படி வணங்குவது என்பதை அந்த மண் தீர்மானிக்கிறது. தெருவில் தேர் வராமல் தெய்வம் வந்ததாக உணராத மக்களிடம் தேரைப் பறித்துவிட்டுத் தூய நம்பிக்கையை எதிர்பார்ப்பது அவர்களை அறியாத பேச்சு.

கடலுக்குள் நடந்தது இன்னும் நெருக்கமானது. முத்துக் குளிக்கும் பருவம் பங்குனி, சித்திரையை ஒட்டி வரும். கடல் அமைதியாக இருக்கும் நாட்கள் அவை. சிப்பி கிடக்கும் பாறைத் தரைக்குப் ‘பார்’ என்று பெயர். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தொளாயிரம் பார் புகழ் பெற்றது. குளியாளி காலில் கல்லைக் கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு எட்டுப் பத்துப் பாக ஆழத்துக்கு இறங்குவார். ஒரு நிமிடத்தை ஒட்டிய நேரத்துக்குள் அரித்தெடுத்த சிப்பியைக் கூடையில் போட்டுவிட்டுக் கயிற்றை அசைப்பார். தோணியில் நிற்பவர் இழுக்க வேண்டும். கயிற்றுக்கு மேலே நிற்பவர் பெரும்பாலும் உறவுக்காரராகவே இருப்பார். சுறாவின் வாயைக் கட்டுவதற்கு மந்திரம் சொல்லும் ‘கடல்கட்டி’ என்பவர் கரையில் இருப்பார். அவர் இல்லாமல் குளியாளிகள் இறங்க மறுத்ததால், அந்த மந்திரத்தை நம்பாத பிரிட்டிஷ் அரசும் அவருக்குக் கூலி கொடுத்தது. திருமுழுக்குப் பெற்ற குளியாளி கழுத்தில் சிலுவையோடு இறங்கினார். கடல்கட்டியின் சொல்லையும் கேட்டே இறங்கினார். ஆபத்தின் முன் நிற்பவர் தமக்கு முன்னோர் தந்த எந்தத் துணையையும் எளிதில் விடுவதில்லை. இதை மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லில் தள்ளிவிட்டால், மனிதர் ஏன் சமயத்தை நாடுகிறார்கள் என்பதன் பாதிக் காரணத்தை இழந்துவிடுவோம்.

கடலில் பழைய முறைகள் நிலைத்தது போலவே, கரையில் சமூகத்தைக் கட்டிக்காத்த பழைய அமைப்பும் நிலைத்தது. அந்த அமைப்பு எல்லாருக்கும் நீதி செய்ததாகச் சொல்ல முடியாது. பரம்பரை ஜாதித் தலைவர், அவருக்குக் கீழ்ப் பட்டங்கட்டிகள் என்ற ஏணி பல நூற்றாண்டு நீடித்தது. டச்சு, பிரிட்டிஷ் அரசுகள் முத்துச் சலாபத்தில் அவருக்குத் தனிச் சலுகை தந்தன. அதே ஏணி உள்ளுக்குள் மேல் கீழையும் வளர்த்தது. வணிகத்தில் செழித்தவர்கள் மேசைக்காரர் என்றும், கடலில் உழைத்தவர்கள் கமாரக்காரர் என்றும் பிரிந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் கோவில் உரிமைகளை ஒட்டி அவர்களுக்குள் மோதல்கள் நடந்தன. கோவாவின் குருமாரா, ரோமின் நேரடி ஆளுகையா என்ற திருச்சபைப் பிளவிலும் இந்தப் பிரிவுகள் புகுந்துகொண்டன. மரபைக் காப்பது என்ற பெயரில் ஒரு சிலரின் மேலாண்மையைக் காப்பது எங்கும் நடப்பதே. பொன் தேரை இழுத்த கைகளுக்கும் தேரின் மேல் உரிமை வேண்டும் என்று கேட்டவர்கள் மரபை அழிக்கவில்லை, அதை விரிவாக்கினார்கள். 1923இல் தூத்துக்குடி தனி மறைமாவட்டமாகி, இந்தியரான திபுர்சியுஸ் ரோச் ஆண்டகை அதன் முதல் ஆயரானபோது, முடிவெடுக்கும் இடம் மீண்டும் கரைக்கு அருகே வந்தது.

புன்னைக்காயலிலிருந்து சில கிலோமீட்டர் தெற்கே காயல்பட்டினம் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் எதிர் அணியில் நின்ற ஊர். அதன் கதையும் இதே கேள்விக்கு இதே விடையைத் தருகிறது. கடல் வழியே வந்த சமயம். அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத் தமிழ் என்னும் எழுத்து மரபு. மணமான பெண் தாய்வீட்டிலேயே தங்க, மாப்பிள்ளை அங்கு வந்து வாழும் குடும்ப முறை. அந்த முறை அரபு நாட்டிலிருந்து வந்ததாகத் தோன்றவில்லை. மலபார், ஈழக் கரைகளில் இதற்கு உறவான வழக்கங்கள் உண்டு. சமயத்தில் வேறுபட்டு, வரலாற்றில் மோதி நின்ற இரண்டு ஊர்களும், வெளியிலிருந்து வந்ததைத் தமிழாகவும் கரையாகவும் ஆக்கிக்கொண்ட விதத்தில் ஒன்றுபோல் இருக்கின்றன.

எல்லா இடத்திலும் இது வெற்றி பெறவில்லை என்பதற்கு இலங்கையின் மேற்குக் கரை சான்று. நீர்கொழும்பு, சிலாபம் பகுதியில் தமிழ் பேசிய கத்தோலிக்க மீனவர் பலரது பிள்ளைகளுக்கு 20ஆம் நூற்றாண்டில் பள்ளிப் படிப்பு சிங்களத்தில் அமைந்தது. சமயம் மாறவில்லை, கடல் தொழில் மாறவில்லை, ஓரிரு தலைமுறையில் வீட்டு மொழி மாறியது. அதோடு தாங்கள் யார் என்ற விடையும் மாறியது. இன்று அவர்களில் பெரும்பாலோர் சிங்களராகவே தங்களை எண்ணுகிறார்கள். பரதர் என்ற சிறு பிரிவினர் மட்டும் இலங்கைக் குடிக்கணக்கில் தனி இனமாகப் பதிவாகிறார்கள். நம்பிக்கை மாறியும் அதே மக்களாக நீடிக்க முடியும் என்பதற்குப் புன்னைக்காயல் சான்று என்றால், நம்பிக்கை மாறாமலே வேறு மக்களாகிவிட முடியும் என்பதற்கு நீர்கொழும்பு சான்று. சமயத்தை மட்டும் காத்தால் அடையாளம் காக்கப்படும் என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டு கரைகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

அண்மைக் காலத்தின் மாற்றங்களில் பலவற்றைக் கரை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அதன்பின் சிப்பி பெருகவில்லை. ஈராயிரம் ஆண்டுத் தொழில் நின்றுபோனது. சங்கு குளித்தல் மட்டும் தொடர்கிறது. 1974இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமானது; 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. இவற்றால் நன்மையும் உண்டு. பவளத்திட்டுகளைக் காப்பது கடலுக்கே தேவை. ஆனால் தீவுகளைச் சுற்றித் தலைமுறைகளாகத் தொழில் செய்தவர்களைக் கேட்டு அந்த எல்லைகள் வரையப்படவில்லை. படித்த இளைஞர்கள் கப்பல் வேலைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போகிறார்கள். அது அவர்களின் தேர்வு. அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

இன்னும் சில நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்ற கட்டுப்பாடு கரையோரக் கத்தோலிக்க ஊர்களில் இருக்கிறது. வருமானம் குறையும் என்று தெரிந்தும் ஊர் முழுக்க ஏற்கும் விதி இது. சமயக் கட்டளையாக வந்தது, கடலுக்கும் மீனுக்கும் ஒரு நாள் ஓய்வாகவும் அமைந்துவிட்டது. மீன்பாட்டில் கோவிலுக்கு ஒரு பங்கு, ஊர்க் கமிட்டியின் தீர்ப்பு, திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து வந்து சேரும் உறவுகள் ஆகியவை ஊரை ஊராக வைத்திருக்கின்றன. உவரியில் பிறந்த ஜோ டி குரூஸ் ‘ஆழி சூழ் உலகு’, ‘கொற்கை’ என்ற நாவல்களில் கரையின் பேச்சையும் சண்டையையும் சாவையும் எழுதினார். ‘கொற்கை’ 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அன்றீக்கஸ் தொடங்கிய தமிழ் அச்சு உரைநடையில் கடற்கரைக்காரர் தம் கதையைத் தாமே எழுத நான்கு நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

‘பிளோஸ் சாங்தோரும்’ நூலின் படி தமிழகத்தில் நிலைக்காமல் ஐரோப்பிய நூலகங்களில்தான் தப்பியது. வத்திக்கானில் இருந்த படியைக் கொண்டு இயேசு சபையைச் சேர்ந்த ச. இராசமாணிக்கம் 1967இல் அதை மீண்டும் பதிப்பித்தார். அச்சில் ஏறிய புத்தகத்துக்கே இந்த நிலை. அச்சில் ஏறாதவை எத்தனையோ இருக்கின்றன. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றைப் பிரித்தறியும் நுட்பம். கரையில் தெரியும் கோபுரத்தையும் பனையையும் ஒன்றோடொன்று பொருத்திக் கடலுக்குள் பாரின் இடத்தைக் கண்டுபிடிக்கும் கணக்கு. வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு. உபதேசியார்கள் வாய்வழியாகக் காத்த பழைய செபங்கள். 1961இல் தோணியில் ஏறிய இளைஞர்கள் இன்று எண்பதைக் கடந்தவர்கள். பல்கலைக்கழகங்களும் மறைமாவட்டமும் மீன்வளத் துறையும் புன்னைக்காயல் முதல் மணப்பாடு வரை உள்ள ஊர்க் கமிட்டிகளோடு சேர்ந்து, அந்தப் பெரியவர்கள் இருக்கும்போதே அவர்கள் அறிந்ததை அவர்கள் பேச்சிலேயே பதிவு செய்ய வேண்டும். பதிவின் ஒரு படி அந்தந்த ஊர்ப் பள்ளியில் இருக்க வேண்டும்.